முருங்கைக்கு மெஷின் ரம்பம்

அன்றைக்கு எங்கள் வீட்டுப் புறவாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான் ஒன்று. என் மச்சினன் ஞானகுரு இரண்டு. மெஷினைக் கொண்டுவந்தவன் அவன்தான். கிழக்கு வீட்டு ஜெபமணி மூன்று. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்கு வீட்டுப் பாக்கியத்தம்மாள் டீச்சர் நான்கு. எதிர்வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் சண்முகக்கனி ஐந்து. ஜெபமணியைக் கேட்டால் ஆறு என்பார். தன் ஆட்டையும் சேர்த்துக்கொள்வார். நான் ஆட்டைச் சேர்ப்பதில்லை. ஆள் கணக்கு வேறு, ஆட்டுக் கணக்கு வேறு.

நீங்கள் கேட்டது, இந்த பஸ் கோவில்பட்டியில் எந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் என்றுதான். எனக்குத் தெரியாது. எனக்கும் அது தெரிய வேண்டியிருக்கிறது. ஆனால் கண்டக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அடுத்து, என்ன வேலையாகப் போகிறீர்கள் என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் பொதுவாக யாரிடமும் பேசுகிறவன் இல்லை. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் மனைவியைக் கூப்பிட்டுவரப் போகிறேன். வேலுத்தாய் என்று பெயர். கோவில்பட்டியில் எங்கள் மகள் பொன்செல்வி வீட்டில் இருக்கிறாள். கோபித்துக்கொண்டு போனாள் என்று தெருவில் சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல முடியாது. சொல்லிவிட்டுத்தான் போனாள்.

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு முருங்கை. நல்ல மரம். காய் ஒவ்வொன்றும் கை நீளம் இருக்கும், உள்ளே சதை இருக்கும், கசக்காது. தெருவில் யாருக்குக் கீரை வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கீரை, இரத்தம் குறைந்தவருக்குக் கீரை, திடீரென்று விருந்தாள் வந்த வீட்டுக்கு நாலு காய். புறவாசல் கதவைத் தட்டி, "அண்ணாச்சி, ஒரு கை கீரை" என்பார்கள். நான் தொரட்டியை எடுத்துப் பறித்துக் கொடுப்பேன். காய் என்றால் எண்ணிக் கொடுப்பேன். அவர்கள் பேசுவார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். மில்லில் வேலை பார்த்த காலத்திலும் எனக்கு அப்படித்தான். பேக்கிங் செக்‌ஷன். நூல் கோன்களை எண்ணிப் பெட்டியில் அடுக்குவது. அங்கே பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் நான் கட்டிய பெட்டியில் ஒரு கோன் குறைந்தது என்று எவரும் திருப்பி அனுப்பியதில்லை.

மரத்தில் ஒரே ஒரு குறை. ஐப்பசி மழை விட்டதும் கம்பளிப்பூச்சி வரும். அடிமரத்தில் கறுப்புப் போர்வை போர்த்திய மாதிரி அப்பிக்கொண்டிருக்கும். எல்லா முருங்கைக்கும் வருவதுதான். துணிப்பந்தம் கொளுத்திக் காட்டினால் உதிர்ந்துவிடும். இந்த வருஷம் நான் பந்தம் கொளுத்த இரண்டு நாள் தாமதித்துவிட்டேன். காரணம் இருந்தது. எண்ணி முடிக்கவில்லை.

சிரிக்காதீர்கள். ஒவ்வொரு வருஷமும் எண்ணுவேன். முழுவதும் எண்ண முடியாது. தரையிலிருந்து என் தோள் உயரம் வரைக்கும். அதற்குள், கொடியில் காய்ந்த சேலையை எடுத்து வேலுத்தாய் கட்டிவிட்டாள். சேலை மடிப்புக்குள் பூச்சி இருந்திருக்கிறது. கழுத்து, கை, முதுகு எல்லாம் தடித்துவிட்டது. திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அப்படிப் பேச வராது. ஆனாலும் சொன்னேன். "போன வருஷத்துக்கு இந்த வருஷம் முப்பத்தொன்று குறைச்சல்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "என் மேல எத்தனை ஊர்ந்துச்சு, அதை எண்ணலையா?" என்று கேட்டாள்.

கேட்ட கேள்விக்கு உண்மையைத்தானே சொல்ல முடியும். "எண்ணலை. அதுக்குள்ள நீ உதறிட்டே" என்றேன்.

மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு நின்றாள். "அந்த மரம் இருக்கிற வீட்டில நான் இருக்க மாட்டேன். அதை எடுத்துட்டுச் சொல்லுங்க, வாரேன்" என்றாள். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். சீட்டு பிடித்துக் கொடுத்தேன். பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றேன். அவள் ஏதோ எதிர்பார்த்த மாதிரி இருந்தது. தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். பார்த்தால், பாட்டில் கையில்தான் இருந்தது.

மரத்தை உடனே வெட்டியிருக்கலாம். வெட்டியிருப்பேன். ஆனால் பூச்சி விழுந்த கையோடு மரம் பூத்துப் பிஞ்சு விட்டுவிட்டது. நூற்றுப் பதினேழு பிஞ்சு. அதை வைத்துக்கொண்டு எப்படி வெட்டுவது? மகள் போனில் கூப்பிட்டாள். "அப்பா, அம்மா பக்கத்துலதான் இருக்காங்க, பேசுறீங்களா?" என்று கேட்டாள். என்ன பேசுவது? "மரத்துல நூத்திப் பதினேழு பிஞ்சு இருக்குன்னு சொல்லு" என்றேன். மகள் சொன்னாள். பிறகு போனை வைத்துவிட்டார்கள்.

வீட்டில் ஒரு ஆள் இல்லையென்றால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. நானே சமைத்துக்கொள்வேன். என்ன, அரிசி போடும்போது கை இரண்டு பேருக்கான அளவைத்தான் எடுக்கிறது. அளவில் நான் தவறுகிறவன் இல்லை. இதில் மட்டும் தினமும் தவறியது. மிஞ்சிய சோற்றை ஜெபமணியின் ஆட்டுக்கு வைத்தேன். ஆடு நன்றாகக் கொழுத்தது. அதுதான் பிறகு வினையாகிவிட்டது.

காய் முற்றி, பறித்து, கொடுத்து முடிந்த பிறகும் நான் வெட்டவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் வேலுத்தாய் தன் தம்பியை அனுப்பிவைத்தாள். ஞானகுரு சாத்தூரில் கடை வைத்திருக்கிறான். ஏணி, டிரில்லிங் மெஷின், காங்கிரீட் கலக்கும் மெஷின் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். புதிதாக ஒரு பெட்ரோல் ரம்பம் வாங்கி, அறுக்க மரம் கிடைக்காமல் இருந்திருக்கிறான். அக்காவின் போன் அவனுக்குத் தீபாவளி போனஸ் மாதிரி. தலையில் மஞ்சள் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். புறவாசலில் வந்து நின்றதும் ஜெபமணி கேட்டார்:

"என்ன மாப்பிள்ளை, முருங்கையை அறுக்க வந்தீங்களா, மோகினியைப் பிடிக்க வந்தீங்களா?"

முருங்கையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். குரங்கு ஏறினால் ஒடியும். கைரம்பத்தை வைத்து இழுத்தால் வெள்ளரிக்காய் மாதிரி வந்துவிடும். அதற்குப் பெட்ரோல் மெஷின். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவன் அவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்திருக்கிறான். வேண்டாம் என்று யாரிடமும் சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை.

அந்த மெஷினுக்கு வெறும் பெட்ரோல் ஊற்றக் கூடாது. லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயில் கலக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. ஞானகுரு குத்துமதிப்பாகச் சாய்க்கப் போனான். நான் கையைப் பிடித்துவிட்டேன். டானிக் பாட்டிலோடு வரும் மூடி இருக்கிறதே, பத்து மில்லி, அதைக் கொண்டுவந்து நாலு மூடி அளந்து ஊற்றினேன். "அத்தான், இது மருந்து இல்லை" என்றான். மெஷினுக்கு அது மருந்துதான்.

மரம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதையும் நானே குறித்தேன். தெற்கே கிணறு, மேற்கே டீச்சர் வீட்டுச் சுவர், கிழக்கே ஜெபமணி சுவர். வடக்கே மட்டும் வெறும் தரை. மரத்தின் உயரத்துக்கு அங்கே இடம் இருந்தது. அதற்கு மேலும் இரண்டடி இருந்தது. உச்சிக்குக் கீழே கயிறு கட்டி, அதை ஜெபமணியும் சண்முகக்கனியும் வடக்கே நின்று இழுத்துப் பிடித்துக்கொள்வது, ஞானகுரு அறுப்பது, கடைசியில் இருவரும் ஒதுங்கிக்கொண்டு இழுப்பது. எல்லாவற்றையும் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினேன்.

அப்போதுதான் டீச்சர் வந்தார்கள். ஒரு மரத்தை வெட்டும் முன் வீட்டுக்காரர் அதனிடம் சொல்லிவிட்டு வெட்ட வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கோபித்துக்கொள்ளாதே, எங்களுக்கு வேறு வழி இல்லை, இதில் குடியிருக்கிற குருவி அணில் எல்லாம் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் செல்லாது.

நான் மரத்தின் முன்னால் போய் நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. சண்முகக்கனி, "நாங்க வேணா திரும்பிக்கிடுறோம் அண்ணாச்சி" என்றாள். எல்லோரும் திரும்பி நின்றுகொண்டார்கள். அப்போதும் வரவில்லை.

டீச்சர் திரும்பாமலே சொன்னார்கள். "பதில் பேசாத மரத்துக்கிட்டயே பேச வரலைன்னா, வேலுத்தாய்கிட்ட என்னத்தைப் பேசுவீங்க?"

கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மரத்திடம் பேசினேன். "நூத்திப் பதினேழும் பறிச்சாச்சு. ஒண்ணும் வீணாகலை. பதினாலு வீட்டுக்குக் கொடுத்திருக்கேன்" என்றேன். இதைவிட ஒரு மரத்துக்கு என்ன மரியாதை செய்ய முடியும்? டீச்சர் ஏனோ தலையில் கையை வைத்துக்கொண்டார்கள்.

ஞானகுரு மெஷினின் கயிற்றை இழுத்தான். உறுமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தான். நின்றது. ஜெபமணி, தன் மனைவி மாதிரி இருக்கிறது, பாதியில் நிறுத்திவிட்டு முறைக்கிறது என்றார். கடைசியில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம், தம்பி, மில்லில் முப்பது வருஷம் இருந்த எனக்கே காது அடைத்தது. ரம்பம் மரத்துக்குள் புகுந்தது. பச்சைப் புண்ணாக்கு மாதிரி தூள் பறந்தது. பாதி தூரம் போனதும், ஈர நார் சங்கிலியில் சுற்றிக்கொண்டு மெஷின் திணறியது. ஞானகுரு விடவில்லை. முழு வேகத்துக்கு முறுக்கினான்.

அந்த உறுமலில், ஜெபமணி ஓரமாகக் கட்டிவைத்திருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

ஆறு வாரமாக எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்ற ஆடு. சாதாரணப் பலமா? திறந்திருந்த புறவாசல் வழியாக ஓடியது. ஜெபமணி, "ஏய் ஸ்டெல்லா" என்று கத்திக்கொண்டு, பிடித்திருந்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டு ஆட்டின் பின்னால் ஓடினார். சண்முகக்கனி ஒருத்தியால் என்ன செய்ய முடியும்? அவளும் கயிற்றை விட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். மரம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மெதுவாகக் கிழக்கே சாய்ந்து, ஜெபமணி சுவரின் மேல் படுத்துக்கொண்டது. பாதிக் கிளை எங்கள் பக்கம், பாதிக் கிளை அவர் பக்கம். சுவருக்கு ஒன்றும் இல்லை. முருங்கைதானே.

என் கணக்கில் தப்பில்லை. நான் ஆட்டைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மரத்தில் ஒரு பூச்சிகூட இல்லை என்று ஞானகுருவிடம் உறுதி சொல்லியிருந்தேன். அது என் தோள் உயரம் வரைக்குமான கணக்கு. அதற்கு மேலே கொஞ்சம் தங்கியிருந்திருக்கிறது. தொப்பி, கண்ணாடி, உறை, பூட்ஸ் எல்லாம் போட்டிருந்தவனுக்குச் சட்டைக் காலருக்கும் தொப்பிக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இருந்தது. சரியாக அங்கேதான் விழுந்தது. அவன் ஒரு கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டு மறு கையால் அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, நீ ஏன் போனேன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது. ஆமா, விழுந்துருச்சு. யாரு, அத்தானா? எண்ணிட்டு இருக்காரு."

நான் கிளைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேலுத்தாய் அவனிடம், தூரோடு எடுத்தாயிற்றா என்று கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. முருங்கையை அடியில் விட்டுவைத்தால் தை மாதத்துக்குள் தழைத்துவிடும். நானும் அவனும் தூரைத் தோண்டி எடுத்தோம். குழியைப் போட்டோ எடுத்து அனுப்பினான்.

பிறகு கிளைகளைத் துண்டு போட வேண்டும். ஞானகுருவுக்குக் கழுத்தெல்லாம் எரிச்சல். நான் கேட்டேன், மெஷினை நான் பிடித்துப் பார்க்கலாமா என்று. வேட்டியோடு கூடாது என்றான். அவன் மாற்றுப் பேண்டைக் கொடுத்தான். கண்ணாடியும் உறையும் பூட்ஸும் போட்டுவிட்டான். சண்முகக்கனி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

தம்பி, அந்த மெஷினைப் பற்றி யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அது ஓடும்போது யாரும் நம்மிடம் பேச முடியாது. நாமும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. என்ன நிம்மதி. எனக்குக் கீழே வைக்க மனசே வரவில்லை. மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் இருந்த கிளைகளையெல்லாம் மூன்றரை அடிக்கு ஒரு துண்டாக, அளவுக்குச்சி வைத்து அறுத்தேன். ஒன்றுகூட அரை விரல் குறையவில்லை.

ஏன் மூன்றரை அடி? போத்து நடுவதற்கு அதுதான் அளவு. முருங்கையை விதை போட்டும் வளர்க்கலாம்; ஆனால் நல்ல மரம் வேண்டுமென்றால் கிளையை வெட்டி நட வேண்டும். அந்தப் போத்து ஒரு முழம் மண்ணுக்குள், மிச்சம் வெளியே, தலையில் ஒரு உருண்டை சாணி. தாய்மரத்துக் காய் அப்படியே வரும். ஒரு நல்ல முருங்கையை வெட்டுகிறார்கள் என்று தெரிந்தால் எந்த ஊரிலும் ஜனங்கள் போத்து கேட்டு வந்துவிடுவார்கள். அது இல்லை என்று சொல்லக்கூடிய பொருளும் இல்லை. மொத்தம் இருபத்துநான்கு போத்து வந்தது.

டீச்சர் இரண்டு கேட்டார்கள். பூச்சி வருமே டீச்சர் என்றேன். "பூச்சி எந்த முருங்கையிலயும் வரும். உங்க மரத்துக் காய் எந்த முருங்கையில வரும்?" என்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜெபமணி ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்த கிளை தன்னுடையது என்று சட்டம் பேசினார். அதில் நாலு போத்து. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சண்முகக்கனிக்கு மூன்று, அவளுக்கு ஒன்று, அக்கா தங்கை இருவருக்கும் ஒவ்வொன்று. அதற்குள் தெருவில் செய்தி போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் பதினோரு வீட்டுக்காரர்கள் வந்து ஆளுக்கு ஒன்று வாங்கிப் போனார்கள். ஞானகுருவும் ஒன்று எடுத்து வண்டியில் கட்டிக்கொண்டான். கட்டிவிட்டு, புறவாசலில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துச் சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று தெரியவில்லை.

டீச்சர் அன்றைக்கே இரண்டையும் நட்டுவிட்டார்கள். எங்கள் சுவரை ஒட்டித்தான். அங்கேதான் தண்ணீர் கசிவு இருக்கிறதாம். ஜெபமணியும் அவர் பக்கத்துச் சுவரை ஒட்டி நாலையும் வரிசையாக நட்டிருக்கிறார். நான் போய்ப் பார்த்து, ஒன்று சாய்ந்திருந்ததை நிமிர்த்திவிட்டு வந்தேன். ஆனால் எங்கள் எல்லைக்குள் முருங்கை இல்லை. ஒரு குச்சி இல்லை. வேலுத்தாய் வந்து பார்த்துக்கொள்ளலாம். சொன்ன வார்த்தையை நான் காப்பாற்றிவிட்டேன்.

இனிமேல் கீரைக்கு என்று யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. அவரவர் வீட்டிலேயே இருக்கும். அதுவும் நல்லதுதான். எனக்கும் பேச வராது. நேற்று முழுவதும் யாரும் வரவில்லை. இரண்டு தடவை நானே கதவைத் திறந்து பார்த்தேன். கதவின் கீல் சரியாக இருக்கிறதா என்று.

நேற்றுச் சாயங்காலம் ஞானகுரு போன் செய்தான். அக்கா வருகிறாளா என்று கேட்டேன். வருவாள், ஆனால் ஒரு நிபந்தனை என்றான். அவள் சொன்னதை அவள் குரலிலேயே சொன்னான்: "அவரே வந்து கூப்பிடணும். போன்ல இல்லை, நேர்ல. செல்விகிட்ட சொல்லி இல்லை, என்கிட்ட. வாயைத் திறந்து."

இராத்திரியெல்லாம் யோசித்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது? "வா" என்று சொன்னால் போதுமா? அது அதிகாரம் மாதிரி இருக்காதா? "வருகிறாயா" என்றால், வரவில்லை என்று சொல்லிவிட்டால்? நீயில்லாமல் வீடு என்னவோ போல இருக்கிறது என்று சொல்லலாம். சினிமாக்காரர்கள் சொல்வார்கள். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இவ்வளவு காலத்தில் அப்படியெல்லாம் நான் பேசியதில்லை. திடீரென்று பேசினால் உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று பயந்துவிடுவாள்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள். எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. மனிதன் ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறும் கையோடு போகக் கூடாது. கையில் ஒன்று இருந்தால், அதைக் கொடுக்கும்போது பேச்சு தானாக வந்துவிடும். பழம் வாங்கலாம் என்று பார்த்தேன். பழம் எல்லோரும்தான் வாங்குகிறார்கள்.

உங்கள் காலை இடிக்கிறதா? கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிக்கொள்கிறேன். ஈரச் சாக்கு. நனைத்துக் கட்டியிருக்கிறேன், வழியில் காய்ந்துவிடக் கூடாது என்று. ஆமாம், போத்துதான். பொன்செல்வி வீட்டுக்குப் பின்னால் நல்ல கரிசல் மண். குளியலறைத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகிறது. வேலுத்தாய் கையிலேயே கொடுத்து நடச் சொல்லப் போகிறேன். அவளுக்கு ரொம்பக் கைராசி. கொடுக்கும்போது கணக்கையும் சொல்வேன். இருபத்துநான்கில், டீச்சருக்கு இரண்டு, ஜெபமணிக்கு நாலு, சண்முகக்கனிக்கு மூன்று, உன் தம்பிக்கு ஒன்று, தெருவுக்குப் பதினொன்று. இதைச் சொல்லி முடிக்கும்போது அவள் முகம் எப்படி மலரும் என்று இப்போதே எனக்குத் தெரிகிறது. அந்தச் சமயம் பார்த்து, "கிளம்புவோமா?" என்று சேர்த்துவிடுவேன். இப்படிக் கணக்கோடு வந்தால் எனக்கு வாய் திறக்கும்.

உங்கள் வீட்டில் மண் தரை இருக்கிறதா? அப்படியென்றால் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அட, கூச்சப்படாதீர்கள். கூச்சப்பட்டால் உலகத்தில் ஒன்றும் நடக்காது. இந்தாருங்கள், இது கொஞ்சம் பருமனானது, சீக்கிரம் பிடிக்கும். கூர் சீவிய பக்கம் கீழே.

இப்போது மிச்சம் இரண்டு. மகளுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. இரண்டு.